மருந்து பாட்டில் பாடம்

நீங்க ஜன்னல் பக்கமே இருங்கம்மா, எனக்கு இந்த ஓரம் போதும். பையை மட்டும் கீழ வச்சுக்கிடட்டுமா? போன் கையிலயே இருக்கட்டும். ஞாயித்துக்கிழமைலா, பையன் கூப்பிடுவான். பெங்களூர்ல இருக்கான். இந்த பஸ் சத்தத்துல மணி அடிச்சாக் கேக்காது, அதான்.

நீங்க எங்க போறிய, திருநெல்வேலி ஜங்சனா? நான் பாளையங்கோட்டை. ஒரு கூட்டம். கட்சிக் கூட்டம்னு நினைச்சிராதிய, வயசானவங்களுக்கு எழுத்துச் சொல்லிக்குடுக்கவங்க கூட்டம். என்னையும் கூப்பிட்டிருக்காங்க. எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா? முன் வரிசையில உக்கார வச்சு ஒரு போட்டோ எடுத்துக்கிட்டா, 'செண்பகவல்லி டீச்சரும் நம்ம கூடத்தான்'னு சொல்லிக்கிடலாம்லா. நான் போட்டோவுக்குப் போகல. நாலு பக்கம் எழுதி வச்சிருக்கேன். மைக்கைப் பிடிச்சு நாலு பக்கத்தையும் வாசிக்காம இறங்க மாட்டேன்.

வளத்த கடா மார்புல பாஞ்சா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாட்டா கேளுங்க. பேட்டை வாரதுக்குள்ள சொல்லி முடிச்சிருவேன்.

நான் சத்துணவு அமைப்பாளரா இருந்து ரிட்டையரானவ. பாவூர்சத்திரத்துக்கு உள்ள தள்ளி எங்க ஊரு. ரிட்டையரான மறு மாசமே பள்ளிக்கூடத்துல ஒரு அறையைக் கேட்டு வாங்கி, சாயந்தரம் எழுத்து வகுப்பு ஆரம்பிச்சேன். சும்மா உக்காந்து சீரியல் பாக்க எனக்கு வராது. வாரது எல்லாம் பீடி சுத்துத பொம்பளைக. பாதிப் பேருக்குக் கைநாட்டுத்தான். அவங்க வரும்போது பீடித் தட்டையும் தூக்கிட்டு வந்திருவாங்க. முத அரை மணி நேரம் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். கை பாட்டுக்கு இலையைச் சுத்தும், வாய் பாட்டுக்குக் கதை பேசும். யார் வீட்டுல என்ன, எந்தப் பிள்ளை எங்க ஓடிச்சு, எல்லாம் வரும். நான் ஒரு நோட்டுல குறிச்சுக்கிட்டே இருப்பேன். பிறகு கையைக் கழுவிட்டு வந்து புத்தகத்தைத் தொடணும், அது சட்டம்.

அந்தக் குறிப்பை என்ன செய்வேன்னா, அவங்க சொன்னதை அவங்க பேச்சுலயே எளிமையா எழுதி, பெரிய எழுத்துல ஒரு பக்கம் ஆக்கிருவேன். சர்க்கார் புத்தகத்துல 'ராமு வயலுக்குப் போனான்'னு இருக்கும். யாரு அந்த ராமு? எங்க பொம்பளைகளுக்கு அவன் மாமனா மச்சானா? தன் கதையைத் தானே எழுத்துக் கூட்டி வாசிக்கும்போது வரும் பாருங்க ஒரு முகம், அதைப் பாக்கணும் நீங்க. நாப்பது வயசு, அம்பது வயசுப் பொம்பளை, 'ஏ, இது நான் சொன்னதுலா!'ன்னு வெக்கப்படுவா.

கொரோனா வந்து வகுப்பைப் பூட்டினாங்கள்ளா, அப்பத்தான் வாட்ஸ்அப்புல ஒரு குரூப் ஆரம்பிச்சேன். எழுத்துப் பந்தல்னு பேரு. முதல்ல ஏழு பேரு. அப்புறம் தூத்துக்குடி, கன்னியாகுமரி, அந்தப் பக்கம் தேனி வரைக்கும் ஆள் சேந்து முந்நூத்திப் பன்னெண்டு பேரு. எல்லாரும் என்னை மாதிரி சும்மா சொல்லிக்குடுக்கவங்க. அவங்கவங்க பக்கத்தை அதுல போடணும், வேணுங்கவங்க எடுத்துக்கிடணும். ஒவ்வொரு பக்கத்துக்கு அடியிலயும் ஒரு வரி இருக்கும், நான் எழுதினதுதான்: 'யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம்.' அறிவைப் பூட்டி வைக்கக்கூடாதும்மா. பூட்டி வச்சா அது எளவு என்னத்துக்கு?

அதுக்குக் கீழ என் பேரும் போன் நம்பரும் இருக்கும். அது சந்தேகம் கேக்கதுக்கு.

இருங்க, போன் அதிருது. பையனாத்தான்... இல்ல, ரீசார்ஜ் பண்ணச் சொல்லுதான்.

எதுல விட்டேன்? ஆங், முப்பிடாதி. இந்தக் கதையே அவளாலதான். அவளுக்கு ஒரு நாப்பத்தஞ்சு இருக்கும். புருசன் இல்ல. ஒரே மக, பொன்செல்வி, திசையன்விளைப் பக்கம் கட்டிக்குடுத்திருக்கா. வகுப்புல வாயே திறக்க மாட்டா. ஒரு நாள் எல்லார்ட்டயும் கேட்டேன், 'ஏளா, இந்த வயசுல எதுக்கு எழுத்துப் படிக்க வந்திய?'ன்னு. ஒருத்தி பஸ் போர்டு படிக்கன்னா, ஒருத்தி பேரன் முன்னால கௌரவமா இருக்கன்னா. இவ தட்டையப் பாத்துக்கிட்டே, சுத்துன பீடிக்கு நூல் கட்டிக்கிட்டே, பைய ஒண்ணு சொன்னா.

நான் அன்னைக்கே எழுதினேன். மனப்பாடமா இருக்கு, கேளுங்க. 'என் பெயர் முப்பிடாதி. என் மகள் பொன்செல்வி. அவளுக்கு எட்டு வயதில் வலிப்பு வந்தது. டாக்டர் மருந்து கொடுத்தார். எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று பாட்டிலில் எழுதியிருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது. கூடக் கொடுத்துவிட்டேன். அவள் இரண்டு நாள் கண் திறக்கவில்லை. இனி நான் படிப்பேன்.'

எப்படி இருக்கு? உங்களுக்கே உடம்பு சிலிர்க்குதுலா? ஆறு தடவை அடிச்சு அடிச்சு எழுதினேம்மா அதை. மருந்து பாட்டில்னு தலைப்பு. மறுநாள் வகுப்புல வாசிச்சேன், எல்லாரும் கைதட்டினாங்க. முப்பிடாதியும் தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சிரிச்சா. சாயந்தரமே குரூப்புல போட்டேன்.

அவகிட்ட கேட்டியளான்னு நீங்களும் கேக்காதிய. எல்லாரும் இதையேதான் கேக்காங்க. பத்துப் பதினஞ்சு பேரு முன்னால வாய் திறந்து சொன்னவதானே அவ? வெளியில போடட்டுமான்னு தனியா வெத்தலை பாக்கு வச்சுக் கேக்கணுமா? கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவா, அவ சுபாவம் அப்படி. அவ நல்லதுக்குத்தான் நான் கேக்கல.

அது பிச்சுக்கிட்டுப் போச்சு. நாப்பத்தியோரு மையத்துல எடுத்தாங்க. தேனியில ஒரு அம்மா படம் வரைஞ்சு சேத்துப் போட்டா. எனக்குப் பெருமை இல்லாமலா இருக்கும்? முப்பிடாதிகிட்டயும் சொன்னேன், 'உன் கதைய நாப்பது ஊருல வாசிக்காங்கட்டி'ன்னு. அவளுக்கு முதல்ல விளங்கல. விளங்கினதும் முகம் ஒரு மாதிரிப் போச்சு. சந்தோசம் வந்தா சில பேருக்கு அப்படித்தான் ஆவும்னு நான் நினைச்சேன்.

இப்பத்தான் ஜெபக்கனி வாரா. திசையன்விளையில மையம் நடத்துதவ, குரூப்புல என்கூட முதல்ல சேந்த ஏழு பேருல ஒருத்தி. நல்லா சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவா. சிரிக்கவளை நம்பக்கூடாதுன்னு அப்ப எனக்குத் தெரியல. ஒரு நாள் சாயந்தரம் போன்ல கூப்பிட்டு, 'டீச்சர், எங்க மையத்துல இசக்கியம்மான்னு ஒரு அம்மா, ரெண்டு வருசமா வாராங்க, இன்னைக்கித்தான் முத முதல்ல ஒரு பக்கத்தை முழுசாத் தானா வாசிச்சிருக்காங்க, அதுவும் உங்க பக்கம், மருந்து பாட்டில்!'னு ஒரே கூத்து. நான் இங்க கைதட்டுதேன், அவ அங்க கைதட்டுதா. கடைசியில சொன்னா, 'ஆனா என்னன்னு தெரியல டீச்சர், வாசிச்சு முடிச்சதும் அந்தத் தாளை மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க'ன்னு. ரெண்டு பேரும் ஆனந்தம் தாங்காமப் போயிட்டான்னு பேசிக்கிட்டோம்.

அந்த இசக்கியம்மா பொன்செல்விக்கு மாமியாருன்னு நாங்க என்ன கனவா கண்டோம்?

ஆமா, அதேதான். முப்பிடாதிக்குச் சம்பந்தகாரி. வலிப்பு வந்த விசயத்தை இவ மறைச்சுல்லா கல்யாணம் பண்ணிருக்கா! இருபது வருசமா வரவே இல்லையாம், அதனால சொல்லலையாம். சரி, நியாயம்தான், எவ சொல்லுவா? ஆனா என்கிட்ட சொல்லிருக்கணுமா இல்லையா, 'டீச்சர், இது வெளியில தெரியாது'ன்னு? வகுப்புல எல்லாரும் தாயா பிள்ளையாப் பழகுத இடம், அங்க சொன்னது அங்கயே இருக்கும்னு நினைச்சாளாம்.

நாலாம் நாள் காலையில, நான் பல்லு விளக்கிட்டு இருக்கேன், முப்பிடாதி வாசல்ல வந்து நிக்கா. உள்ள வான்னா வரல. 'டீச்சர், பொன்செல்விய கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டாங்க'ன்னா. அழலை. அவ அழுது நான் பாத்ததில்ல. 'அந்தப் பக்கத்துல வலிப்புன்னு வருதே அந்த வரியும், பொன்செல்வி பேரு வார வரியும், அந்த ரெண்டு வரிய மட்டும் எடுத்துருங்க டீச்சர்'னு கேட்டா.

நான் பொறுமையாத்தான் சொன்னேன். நல்லாக் கேளுங்க, நான் ஒண்ணும் கோவப்படல. 'ஏன் எடுக்கணும்? எது பொய்? படிக்காததாலதானே பிள்ளை சாகக் கிடந்தா, அதைப் படிச்சவ சொன்னா என்ன அவமானம்? அந்த ரெண்டு வரியத்தானட்டி எல்லாரும் வாசிக்காங்க, அதை எடுத்தா பாடத்துல என்ன இருக்கும், பாட்டிலும் மூடியும்தான் இருக்கும். அதுவும் போக, போட்டது போட்டதுதான், நாப்பது மையம் எடுத்தாச்சு, நான் ஒவ்வொரு ஊராப் போயிக் கிழிச்சுக்கிட்டா வர முடியும்?'னு கேட்டேன். அவ திரும்பிப் போயிட்டா. அன்னையிலருந்து வகுப்புக்கு வரல.

பதினோரு மாசம் அவ கையைப் பிடிச்சு எழுத வச்சிருக்கேன் நான். ஒரு வார்த்தை, 'வாரேன் டீச்சர்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக்கூடாதா? இப்பப் பக்கத்து ஊரு மையத்துக்கு நடந்து போறாளாம், மூணு கிலோமீட்டரு. போகட்டும்.

பொன்செல்வியா? மாப்பிள்ளை வந்து கூட்டிட்டுப் போயிட்டான்னும் சொல்லுதாங்க, அவ இன்னும் இங்கதான் அம்மாகூட பீடித் தட்டை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்னும் சொல்லுதாங்க. நான் விசாரிக்கல. எனக்கு என் தலைவலியே பெருசா இருந்துச்சு.

என்ன தலைவலிங்கியளா? ஜெபக்கனிதான். அவளுக்கு விசயம் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சா என்கிட்டலா தனியாப் பேசணும்? குரூப்புல, முந்நூறு பேரு முன்னால போடுதா: 'மருந்து பாட்டில் பக்கத்தை எல்லாரும் தயவுசெஞ்சு எடுத்துருங்க, வகுப்புல குடுத்த தாளையும் திருப்பி வாங்கிக்கிடுங்க. என் மையத்துல நான்தான் குடுத்தேன், தப்பு என்னோடதுதான். இனிமே யார் கதையா இருந்தாலும் அவங்ககிட்ட வாசிச்சுக் காட்டி, சரியான்னு கேட்டுட்டுப் போடுவோம், பேரை மாத்துவோம்.' பாத்தியளா தந்திரத்தை? தப்பு என்னோடதுன்னு சொல்லிக்கிட்டே என்னைக் குத்துதா! அவ ஒரு பக்கம் சொந்தமா எழுதினது கிடையாது. எம் பாடத்தை எடுத்து எடுத்துப் பேரு வாங்கினவ. ஊரான் வீட்டு நெய்யே, எம் பொண்டாட்டி கையேன்னு அடுத்தவ சொத்தை அள்ளி விட்டவ, இப்ப எனக்கு நியாயம் சொல்லுதா.

நான் அட்மின்லா, தூக்கிட்டேன். ஜெபக்கனியை நீக்கிட்டேன். எனக்கு ஒரு நிமிசம் ஆகல.

மறுநாள் காலையில போனைப் பாத்தா, இன்னார் வெளியேறினார், இன்னார் வெளியேறினார்னு வரிசையா. சாமி கும்பிட்டுட்டு வந்து பாத்தா இன்னும் இருபது பேரு. தேனியில படம் வரைஞ்சாளே, அவளும். ஒரு வாரத்துல எழுத்துப் பந்தல்ல முப்பத்தெட்டுப் பேரு மிச்சம். அதுல பாதிப் பேரு போன் நம்பரை மாத்தினவங்க, வெளியேறணும்னுகூடத் தெரியாதவங்க. இப்பவும் நான் தினம் ஒரு பக்கம் போடுதேன். பாத்ததுக்கு அடையாளமா ரெண்டு நீலக் கோடு வருமே, அதுகூட வாரதில்ல. எனக்கு எப்படி இருக்கும்னு நினைக்கிய? சொல்லுததுக்கு என்ன, எரியுது. சோத்துல கை வச்சா எரியுது.

வெளியேறினவங்க சேந்து புதுசா ஒண்ணு ஆரம்பிச்சாங்க, நம்ம பக்கம்னு பேரு. அந்தக் கூட்டத்துக்குத்தான் இப்பப் போறேன். அங்க முதல் விதியே என்ன தெரியுமா? யாரைப் பத்தி எழுதுதோமோ அவங்ககிட்ட வாசிச்சுக் காட்டி, அவங்க சரின்னாத்தான் போடணுமாம். இப்படி ஒவ்வொருத்தர் வாசல்லயும் போயி நின்னா எப்பப் பாடம் எழுதுதது, எப்பச் சொல்லிக்குடுக்குதது?

ஆலங்குளம் வந்துட்டா? ஏறுதவங்க பாதைய விட்டு நில்லுங்கப்பா. சொல்லி முடிக்கல, இன்னும் பெரிய கூத்து இருக்கு. வியாழக்கிழமை எனக்கு ஒரு மெசேஜ். பாத்தா முப்பிடாதி! போன் வாங்கிட்டாளாம். எனக்கு மனசு சந்தோசப்பட்டுச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஆறு மாசம் கழிச்சு மன்னிப்புக் கேக்காளேன்னு நினைச்சேன். திறந்து பாத்தா, என்னைப் பத்தி ஒரு பக்கம் எழுதிருக்கா. என்னைப் பத்தி! கீழ, 'நானே எழுதினேன் டீச்சர். ஞாயித்துக்கிழமை கூட்டத்துல வாசிச்சுட்டு நம்ம பக்கத்துல போடலாம்னு இருக்கேன். போடட்டுமா? வேண்டாம்னா போட மாட்டேன். உங்க பேரு போடல. போடணும்னா சொல்லுங்க'ன்னு.

திமிரைப் பாத்தியளா? நான் எழுதச் சொல்லிக்குடுத்தவகிட்டயே வந்து போடட்டுமா வேண்டாமான்னு கேள்வி! குத்திக்காட்டுதாம்மா. வேற என்ன? அதுவும் பேரு போடலையாம். பதினோரு மாசம் கையைப் பிடிச்சவ பேரு போடலை. 'எங்கள் டீச்சர்'னு மொட்டையா. யாரு டீச்சர்? ஊருல நூறு டீச்சர் இருக்கா.

நான் இன்னும் பதில் போடல. மூணு நாளா வேண்டாம்னு அடிச்சு அடிச்சு அழிச்சுக்கிட்டு இருக்கேன்.

நீங்க வாசிங்க, இந்தாங்க. கண்ணாடி பையில இருக்கு, நீங்களே வாசிங்க. சத்தமா வாசிச்சாலும் பரவால்ல, பஸ்சுல யாருக்குக் கேக்கப் போவுது.

'எங்கள் டீச்சர். எங்கள் டீச்சருக்குக் குரல் பெரிது. தப்பாகப் படித்தால் கோபம் வரும். மறுபடியும் சொல்லித் தருவார். எனக்கு மு எழுத வரவில்லை. டீச்சர் என் கையைப் பிடித்து இருபது நாள் எழுதினார். என் கையில் புகையிலை வாடை அடிக்கும். டீச்சர் முகத்தைத் திருப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை டீச்சர் போனைக் கையிலேயே வைத்திருப்பார். மகன் பேசினான் என்று எங்களிடம் சொல்வார். மருந்து பாட்டிலில் எழுதியிருப்பதை இப்போது நான் படிப்பேன்.'

எதுக்கும்மா போனையும் என்னையும் மாறி மாறிப் பாக்கிய?

பேசுவான். அவனுக்கு வேலை அப்படி. போன பொங்கலுக்குப் பேசினான்லா. பொங்கலுக்கு முந்தி... இல்ல, அது அதுக்கு முந்தின பொங்கல். பிள்ளைக வேலைக்குப் போனா அப்படித்தான். அதைப் போயி ஒருத்தி எழுதுவாளா? எழுத்து கையில வந்துட்டா எதை வேணும்னாலும் எழுதிரலாமா? நாப்பது ஊருல எங்கெங்கயோ எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி வாசிப்பாங்க. எங்க ஊருக்காரி யாராவது வாசிச்சா? எந் தங்கச்சி வீடு வள்ளியூர்ல இருக்கு, அவ காதுக்குப் போனா?

மத்தது நல்லாத்தான் எழுதிருக்கா. மு பத்தி எழுதினது நிசம். இருபது நாள் இல்ல, இருபத்தி மூணு நாள்.

இருங்க, போனைக் குடுங்க. வேண்டாம்னு போடல. என்ன போடுதேன்னு பாருங்க. 'போடு. அந்த ஞாயித்துக்கிழமை வரி ரெண்டையும் மட்டும் எடுத்துரு.' சரிதானே? இவ்வளவுதான் கேக்கேன். ரெண்டே ரெண்டு வரி. எடுப்பாளோ மாட்டாளோ, அதையும் பாத்துருவோம். எடுக்க மாட்டேன்னு சொல்லட்டும், அதையும் இந்த நாலு பக்கத்துக்கு அடியில சேத்து எழுதி மைக்குல வாசிக்கேன்.

அதிருது. பையனா இருக்கும்.

முப்பிடாதி.

'சரி டீச்சர். எடுத்துட்டேன்.'

அவ்வளவுதான் போட்டிருக்கா. மேலயும் ஒண்ணுமில்ல, கீழயும் ஒண்ணுமில்ல. ஏன்னு ஒரு வார்த்தை கேக்கலம்மா அவ. ஒரு வார்த்தை கேக்கல.